மருமகன்கள் பிடித்த குழாய்

இந்தக் கதையில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் என் தலை வெடிக்கட்டும் என்று சத்தியம் பண்ணத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் என் தலைக்கு எங்கள் ஊரில் மதிப்பு கிடையாது. அதனால் கேட்டுக்கொண்டிருக்கிற உங்கள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணுகிறேன்: அத்தனையும் நிஜம்! நிஜம்! நிஜம்! சந்தேகம் வந்தால் உங்கள் தலையைத் தொட்டுப் பாருங்கள். இருக்கிறதா? அப்போ நிஜம்தான்.

எங்கள் ஊர் வடக்கு மந்தைக்குளம். தாமிரபரணி நேராக வந்துகொண்டிருந்த ஆறுதான்; எங்கள் ஊரைப் பார்த்ததும் கொஞ்சம் வளைந்து ஒதுங்கிப் போய்விட்டது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களை முட்டாள்கள் என்பார்கள். அது அபாண்டம். ஒருத்தனை முட்டாள் என்று சொல்ல வேண்டுமானால், ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே ஒரு புத்திசாலி நிற்க வேண்டும் அல்லவா? அந்த வசதி எங்கள் ஊரில் கிடையாது.

அந்த ஊரில் கொம்பையா என்று ஒருவர். அவருக்கு மூன்று பெண்கள். மூன்று பேரையும் ஒரே பந்தலில் நல்லபடியாகக் கட்டிக்கொடுத்தார். மூன்று மாப்பிள்ளைகளும் தலைதீபாவளிக்கு மாமனார் வீட்டுக்கு வந்தார்கள். வந்தவர்கள் வந்தவர்கள்தான்.

மூத்தவர் திரவியம், கிளம்ப நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சாங்கத்தில் எந்த நாளைப் புரட்டினாலும் மத்தியானச் சாப்பாடு குறுக்கே வந்து நின்றது. இளையவன் அருணாசலம், மூத்தவர் கிளம்பும் முன்னால் தான் கிளம்பினால் மரியாதையாக இருக்காது என்று உட்கார்ந்திருந்தான். நடு மாப்பிள்ளை பலவேசத்துக்குப் போக இடமே இல்லை. அவன் தலைதீபாவளிக்குக் கிளம்பி வந்த அன்றே, அவன் அறை காலியாகக் கிடக்கிறதே என்று அவனுடைய அண்ணன் அதில் எருமையைக் கட்டிவிட்டான். பாவம் பலவேசம். இந்தக் கதை முடிகிற வரைக்கும் நாம் அவன் தோளில் கைபோட்டுக்கொண்டுதான் நடக்கப்போகிறோம்.

அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. எதுவானாலும் மூத்த மாப்பிள்ளைக்குத்தான் முதலில். காபி அவருக்கு முதலில், வடை அவருக்கு முதலில், கொட்டாவிகூட அவர் விட்ட பிறகுதான் மற்றவர்கள் விடுவார்கள். ஒருநாள் பலவேசம் அவருக்கு முந்தித் தும்மிவிட்டான். திரவியமும் தும்முகிற வரைக்கும் வீடே இலையைப் போட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருந்தது. கடைசியில் மிளகாயை வறுத்துத்தான் அந்த மரியாதையைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

இனி ஒழுக்குக்கு வருவோம்.

கொம்பையா வீட்டு அடுப்பங்கரையில் ஒரு சிங்க். சிங்குக்கு அடியில் ஒரு குழாய். குழாயில் ஒரு ஒழுக்கு. ஒழுக்குக்கு அடியில் ஒரு ஏனம் வைத்திருந்தார்கள். ஏனம் நிரம்பியதும் தண்ணீரை எடுத்து சிங்கில் ஊற்றுவார்கள். அது இறங்கி, ஒழுகி, மறுபடியும் ஏனத்துக்கே வந்து சேரும். ஒரே தண்ணீர் எத்தனை காலமாக அந்த வீட்டில் சுற்றிக்கொண்டிருந்ததோ தெரியாது. வீட்டு ஆளாகவே ஆகிவிட்டது.

ஒருநாள் காலையில் ஏனத்தை வைக்க மறந்துபோனார்கள். தோசைத்தட்டோடு அடுப்பங்கரையில் கால் வைத்த கொம்பையா வழுக்கி விழுந்தார். விழுந்த இடத்திலேயே கிடக்கிற ஆள் இல்லை அவர். மல்லாக்கப் படுத்த வாக்கில் வழுக்கிக்கொண்டே அடுப்பங்கரையைத் தாண்டி, பட்டாசாலைக் கூடத்தைத் தாண்டி, வாசற்படியையும் தாண்டித் தெருவில் போய் நின்றார். கையில் இருந்த தட்டு கவிழவில்லை. சட்னிகூடச் சிந்தவில்லை. தெருவில் கிடந்தபடியே மீதித் தோசையைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் கோபப்பட்டார்.

“ஏ மருமக்களா! தலைதீபாவளிக்கு வந்து பிசின் மாதிரி என் வீட்ல ஒட்டிக்கிட்டீக. ஒரு குழாயை ஒட்டத் தெரியுதா உங்களுக்கு? நான் அம்பாசமுத்திரத்துக்கு வைத்தியர்கிட்ட போயி இடுப்பை நிமித்திக்கிட்டு வெள்ளிக்கிழமை வாரேன். வரும்போது அந்த ஒழுக்கு நின்னுருக்கணும். இல்லேன்னா மூணு பேரும் அவுகவுக ஊரைப் பாத்து நடையைக் கட்டணும். சொல்லிட்டேன்!”

திரவியம் வானத்தைப் பார்த்தார். அருணாசலம் திரவியத்தைப் பார்த்தான். பலவேசத்துக்கு மட்டும் எருமை கண்ணுக்குள் வந்து நின்றது.

“நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க மாமா. ஒழுக்கை நான் நிப்பாட்டுதேன்” என்று வாய்விட்டுவிட்டான்.

உள்ளே போனால், அவன் மனைவி செண்பகம் டிரங்குப் பெட்டியை இழுத்துப் போட்டுச் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“எதுக்குப் பெட்டி?”

“வெள்ளிக்கிழமைக்கு.”

“அதான் நிப்பாட்டுதேன்னு மாமாகிட்ட சொல்லிட்டேன்லா?”

“அதைக் கேட்டுட்டுத்தான் கட்டுதேன். ஆமா, உங்க ரூம்ல கட்டியிருந்த எருமை இன்னும் அங்கதான் நிக்கா?”

“நிக்கு. ரொம்பச் சாதுவான எருமை.”

“ஒரு எருமையோட இத்தனை நாளும் காலத்தை ஓட்டிட்டேன். ஒரே ரூம்ல ரெண்டு எருமைன்னா எனக்குக் கஷ்டம், பாத்துக்கிடுங்க.”

அண்ணன் இன்னொரு எருமையும் வாங்கிவிட்டானோ என்று பலவேசத்துக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

அன்றைக்கே மூன்று சகலைகளும் சிங்குக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆலோசனை நடத்தினார்கள்.

“ஒழுக்கை அடைக்க எது நல்லது?” என்று ஆரம்பித்தார் திரவியம். “என் அபிப்பிராயம், உளுந்த மாவு. தோசைக்கல்லுல பிடிச்சா லேசுல விடுதா?”

“சோத்துப் பருக்கைன்னு ஒண்ணு இருக்கே அண்ணாச்சி” என்றான் பலவேசம். “தபால் கவரை ஒட்டுனா டெல்லி வரைக்கும் பிரியாமப் போகுது. இங்க சிங்குலேருந்து சாக்கடைக்குத்தானே போகணும்?”

“அப்போ ரெண்டையும் சேத்துப் போடுவோம்” என்றான் அருணாசலம். அவன் எப்போதும் சமரசமாகப் போகிறவன்.

மாவையும் சோற்றையும் பிசைந்து குழாய் முழுக்க அப்பினார்கள். ஒழுக்கு நிற்கவில்லை, கொஞ்சம் கெட்டியாக ஒழுகியது. பக்கத்து வீட்டுக் கோழிகள் மோப்பம் பிடித்து வந்து குழாயைக் கொத்த ஆரம்பித்தன. அவற்றை விரட்டப் போன அருணாசலத்தையும் கொத்தின.

“ஹார்டுவேர் கடைன்னு ஒண்ணு ஊருக்குள்ள சும்மாவா இருக்கு?” என்றாள் செண்பகம், கோழியை விரட்டியபடி. “போயி மீரான் பாய்கிட்ட கேளுங்க.”

மூவரும் வேட்டி மாற்றிக்கொண்டு கிளம்பினார்கள். பலவேசம் மட்டும் ஒரு முன்யோசனைக்காரன். வெறும் வாயால் சொன்னால் பாய்க்கு விளங்காது என்று, ஒழுக்கை ஒரு சொம்பில் பிடித்து, வழியில் தளும்பாமல் கடைக்குக் கொண்டுபோனான்.

மீரான் பாய் சொம்புக்குள் எட்டிப் பார்த்தார்.

“என்னது இது?”

“ஒழுக்கு. இதுக்கு என்ன பசை போடணும்?”

“இது தண்ணில்லா?”

“இப்போ தண்ணி பாய். காலைல வரைக்கும் ஒழுக்காத்தான் இருந்துச்சு.”

மீரான் பாய் தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்து, மறுபடியும் மாட்டிக்கொண்டார். “எந்த இடத்துல ஒழுகுது? திருகுற மரையிலயா, ஒட்டுலயா, சிங்க் வாயிலயா? இரும்புக் குழாயா, பிளாஸ்டிக்கா?”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதில் சொல்கிற உரிமை மூத்தவருக்கு.

“அடியில ஒழுகுது” என்றார் திரவியம் கம்பீரமாக.

“ஒண்ணு செய்யுங்க. அந்தக் குழாயைக் கழத்தி எடுத்துட்டு வாங்க. பாத்தாத்தான் சொல்ல முடியும்.”

குழாயைக் கழற்றுகிற வேலையிலும் முறை தவறவில்லை. சிங்குக்கு அடியில் முதலில் தலையை நீட்டியவர் திரவியம். அவர் குழாயைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். இரும்பு முனையில் மரை உருவிக்கொண்டு வந்தது; பிளாஸ்டிக் முனையில் பழைய ஒட்டு விட்டுப்போய் வந்தது. அவற்றோடு சேர்ந்து அரிசி கழுவின தண்ணீர், கறிவேப்பிலை, கடுகு, காணாமல் போயிருந்த ஒரு கரண்டி எல்லாம் மூத்த மாப்பிள்ளையின் தலையில் இறங்கின.

பலவேசத்துக்கு மனசு கேட்கவில்லை. மூத்தவர் தலையில் அழுக்குத் தண்ணீரா? “இருங்க அண்ணாச்சி, நல்ல தண்ணி விட்டுக் கழுவுதேன்!” என்று மேலே இருந்த தண்ணீர்த் திருகை முழுசாகத் திறந்துவிட்டான்.

“எண்ணெய் தேச்சிருந்தா கணக்கா இருந்திருக்கும்” என்றான் பக்கத்தில் நின்ற அருணாசலம்.

குழாயை எடுத்துக்கொண்டு மறுபடியும் கடைக்குப் போனார்கள். மீரான் பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பலகையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

“இங்க பாருங்க. ஒவ்வொரு இடத்துக்கு ஒவ்வொண்ணு. இந்த முனையில மரை இருக்குல்லா, இதுக்கு வெள்ளை டேப்பு. இந்த முனை பிளாஸ்டிக்குக்குள்ள பிளாஸ்டிக் போகுது, இதுக்கு சொல்யூஷன்னு இந்த டப்பாப் பசை. சிங்க் ஓரத்துல விரிசல்னா சிலிக்கான். அடியில நட்டு போட்டு முடுக்குற இடத்துக்கு ரப்பர் வாசர் போதும், அங்க பசையே ஆகாது. அந்தக் காலத்துல இரும்புக் குழாய்க்குச் சணல் சுத்துவாக. மாத்திப் போட்டா எதுவும் நிக்காது.”

திரவியம் அந்த வரிசையைக் கையால் காட்டினார்.

“இதுல மூத்தது எது?”

“என்ன, மூத்ததா?”

“மூத்தது இருக்கும்போது இளையதை எடுத்தா மரியாதையா இருக்காதே, அதுக்குக் கேக்கேன்.”

“வயசுன்னு பாத்தா சணல்தான் மூத்தது...”

“அப்போ சணலையே கொடுங்க.”

மீரான் பாய் பலகையை ஒரு தட்டுத் தட்டினார். “யோவ், குழாய்க்குப் பொண்ணு பாக்க வந்தீரா, பசை வாங்க வந்தீரா? டேப்பு ஒண்ணு, சொல்யூஷன் ஒண்ணு. பிடியும். சொல்லுததைக் காதுல வாங்கிக்கிடும். டேப்பை வலப்பக்கமா இறுக்கிச் சுத்தணும். சொல்யூஷன் போடுற முனை ரெண்டையும் ஈரம் இல்லாமத் துடைச்சு, தடவுன உடனே சொருகிரணும். தாமதிச்சா காஞ்சிரும். சொருகிட்டு இறுகுற வரைக்கும் கையை எடுக்கப்படாது, அசையாமப் பிடிச்சிருக்கணும். விளங்குதா?”

“நல்லா விளங்குது” என்றார்கள் மூவரும். விளங்கவில்லை என்று எங்கள் ஊரில் இதுவரைக்கும் யாரும் சொன்னதே இல்லை.

முதலில் டேப். வலப்பக்கமாகச் சுற்ற வேண்டும் என்றால் வலம் வர வேண்டும். பலவேசத்துக்கு அதில் சந்தேகமே இல்லை. திரவியம் நடுமுற்றத்தில் குழாயை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பலவேசம் டேப்பின் ஒரு நுனியைக் குழாயில் ஒட்டிவிட்டு, மீதியைக் கையில் பிடித்துக்கொண்டு அவரை வலம்வர ஆரம்பித்தான். சும்மா பார்த்துக்கொண்டு நிற்பது சரியில்லை என்று அருணாசலமும் கைகூப்பியபடி பின்னாலேயே சுற்றினான். மாமியார் இதைப் பார்த்துவிட்டு, என்ன விசேஷம் என்று கேட்காமலேயே ஒரு சூடம் ஏற்றிக் காட்டிவிட்டுப் போனாள்.

திரவியம் கழுத்து வரைக்கும் வெள்ளையாகிவிட்டார்.

“இறுக்கமா இருக்கா அண்ணாச்சி?”

“மூச்சு விடத்தான் கொஞ்சம் சிரமமா இருக்கு. மத்தபடி ஒழுகல.”

அவரை அவிழ்க்க வேண்டுமே? அவிழ்க்க இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும். பெரியவர்களை யாராவது இடப்பக்கமாகச் சுற்றுவார்களா? பலவேசம் யோசித்தான். நாம் சுற்றினால்தானே தப்பு, அவரே சுற்றிக்கொண்டால்? டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு ஓர் இழுப்பு இழுத்தான். திரவியம் பம்பரமாகச் சுழன்று, முற்றத்தையே மூன்று சுற்றுச் சுற்றி, துணி காயப்போட்ட கொடியில் போய்ச் சிக்கினார். அந்தச் சுழற்சியில் மிச்சம் இருந்த டேப் தானாகவே போய் மரையில் கச்சிதமாகச் சுற்றிக்கொண்டது. இது மட்டும் எப்படிச் சரியாக நடந்தது என்று இன்றுவரைக்கும் யாருக்கும் விளங்கவில்லை.

மரை முனையை முடுக்கியாயிற்று. அடுத்தது பிளாஸ்டிக் முனை. அருணாசலம் சொல்யூஷன் டப்பாவை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தான்.

“குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்னு போட்டிருக்கு.”

மூவரும் கலங்கிப்போனார்கள்.

“கல்யாணத்தன்னைக்கு மாமா மைக்குல என்ன சொன்னாரு?” என்றார் திரவியம். “இவுக எனக்கு மருமக்க இல்ல, நான் பெத்த பிள்ளைகன்னு சொன்னாரா இல்லையா? ஊரே கேட்டுச்சே.”

“சொன்னாரு அண்ணாச்சி. அழுதுக்கிட்டே சொன்னாரு.”

“அப்போ நாமதானே இந்த வீட்டுப் பிள்ளைக?”

ஏணியைப் போட்டு டப்பாவைப் பரண் மேல் ஏற்றினார்கள். ஏணியும் கைக்கு எட்டக் கூடாதே என்று அதையும் தூக்கிப் பரண் மேலேயே போட்டார்கள். பிறகு கீழே நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். டப்பா எட்டவில்லை. டப்பாவில் போட்டிருந்தபடியே சரியாகத்தான் நடந்திருந்தது.

கொம்பையா வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு கிழவர் உண்டு. நல்ல களையான முகம். ஊரில் அவரைப் பற்றி நாலுவிதமாகப் பேசுவார்கள். நீங்கள் நம்ப வேண்டாம். பலவேசம் அவரைப் போய்க் கூட்டிவந்தான். அவர் ஏற வந்ததும் திரவியம் கையை நீட்டி மறித்தார்.

“பொறுங்க. இவரு குழந்தை இல்லைன்னு நமக்கு எப்படித் தெரியும்?”

“வயசானவரு அண்ணாச்சி!”

“வாயில ஒரு பல்லு இருக்கா பாருங்க. தலையில முடி இருக்கா? நடந்தா நேரா நடக்காரா? சாப்பிட்டா மேல சிந்தாமச் சாப்பிடுதாரா? போன வாரம் கூப்பிட்டேன், திரும்பிப் பாக்கல, பலூன்காரன் மணி அடிச்சா மட்டும் ஓடி வாரார். இது அத்தனையும் எதோட அடையாளம்?”

பலவேசத்துக்கும் உள்ளூரச் சந்தேகம் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் கிழவருக்கே வந்துவிட்டது. அருணாசலம்தான் அவர் வாயைத் திறந்து பார்த்து, உள்ளே வெற்றிலை இருக்கிறது, குழந்தை வெற்றிலை போடாது என்று தீர்ப்புச் சொன்னான். கிழவர் இரண்டு மருமகன்களின் தோளில் ஏறி டப்பாவை எடுத்துக் கொடுத்தார். இறங்குகிறபோது அழுதார் என்று ஊரில் சொல்கிறார்கள். கண்ணில் தூசி.

முனைகளைத் துடைத்தார்கள். பலவேசம் இரண்டு முனையிலும் சொல்யூஷனைத் தடவினான். உடனே சொருக வேண்டும்.

“அண்ணாச்சி, சொருகுங்க.”

“சேச்சே, மாமாகிட்ட வாக்குக் கொடுத்தது நீங்க. உங்க கையால சொருகுங்க.”

“மூத்தவுக நிக்கும்போது நான் எப்படிச் சொருகுவேன்? ஊரு என்ன பேசும்?”

“அப்போ சின்னவரு சொருகட்டும். ஆசையாப் பாத்துக்கிட்டு நிக்காரு.”

“ஐயையோ, எனக்கு முன்னால ரெண்டு பேரு இருக்கீக! நீங்க ஆரம்பிச்சு வைங்க, நான் முடிச்சு வைக்கேன்.”

“அப்படிச் சொன்னா எப்படி...”

சொல்யூஷன் காய்ந்துபோயிற்று. மறுபடியும் தடவினார்கள். மறுபடியும் மரியாதை. மறுபடியும் காய்ந்தது. இப்படியே மரியாதைக்கு மேல் மரியாதை ஏறிக்கொண்டே போய், மூடாமல் வைத்த டப்பாவில் மிச்சம் இருந்ததும் கல்லாகிவிட்டது. அதற்குள் வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டது. பெட்டியை இழுத்து வாசலில் வைத்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தாள் செண்பகம்.

பலவேசம் கடைக்கு ஓடினான்.

“என்னவே, இறுகிச்சா?” என்றார் மீரான் பாய்.

“அருமையா இறுகிருச்சு பாய். டப்பாக்குள்ளேயே. நல்ல சரக்கு!”

பாய் இன்னொரு டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவன் போனதும் கடைக்கதவைப் பாதி சாத்திக்கொண்டார்.

திரும்பி ஓடிவருகிறபோது அம்பாசமுத்திரம் பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. பலவேசத்துக்கு எருமை மூச்சு விடுவது காதில் கேட்டது. பயம் வந்தால் எங்கள் ஊர்க்காரனுக்கும் மூளை வேலை செய்யும் என்பதற்கு இந்த ஒரு இடம்தான் சாட்சி.

“அண்ணாச்சி! தம்பி! மூணு பேரும் ஒரே நேரத்துல சொருகுவோம். அப்போ முந்துனது யாரு, பிந்துனது யாரு? யாருக்கு என்ன மரியாதைக் குறைச்சல்?”

திரவியம் ஒரு கணம் யோசித்தார். “என் கை மேல இருக்கட்டும்” என்றார். சரி என்றார்கள். ஆறு கைகளும் குழாயைப் பிடித்தன. தடவினார்கள், சொருகினார்கள். குழாய் உள்ளே போய் உட்கார்ந்தது. மூவரும் சிங்குக்கு அடியில் தலையோடு தலை முட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, குழாயையும் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

கொஞ்ச நேரம் போனது.

“இறுகியிருக்குமா?” என்றான் அருணாசலம்.

“கையை எடுத்துப் பாத்தாத் தெரியும்” என்றான் பலவேசம்.

“இறுகாமக் கையை எடுக்கப்படாதுன்னு பாய் சொன்னாருல்லா?”

“ஆமா. அப்போ இறுகிச்சான்னு பாத்துட்டு எடுப்போம்.”

“எப்படிப் பாக்க?”

“கையை எடுத்துட்டுத்தான்.”

“அப்போ ரெண்டு வழியும் அடைபட்டுப் போச்சு” என்றார் திரவியம். “பிடியை விடாதீக.”

சிங்கில் பாத்திரம் கழுவ வந்த செண்பகம் குனிந்து பார்த்தாள். மூன்று முகங்கள் அடியிலிருந்து அவளைப் பார்த்தன. ஒரு கிண்ணத்தில் தயிர்ச்சோறு பிசைந்து வந்து, மூத்தவரிலிருந்து ஆரம்பித்து, மூவருக்கும் ஆளுக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டுப் போனாள்.

அப்போதுதான் கொம்பையா உள்ளே வந்தார். இடுப்பு நிமிர்ந்திருந்தது. வாசலில் இருந்த பெட்டியைத் திருப்தியாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேரே அடுப்பங்கரைக்குப் போய், ஒரு குடம் தண்ணீரை அப்படியே சிங்கில் கவிழ்த்தார். குனிந்து பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

இன்னொரு குடம். ஒழுகவில்லை.

“நின்னுட்டே!” என்றார். அவர் குரலில் சந்தோஷத்தைவிட ஏமாற்றம்தான் கொஞ்சம் கூடுதல். “சரி, வெளிய வாங்க.”

“வரமாட்டோம் மாமா” என்றான் பலவேசம். “கையை எடுத்தா ஒழுகிருமோன்னு பயமா இருக்கு. ஒழுகுனா எங்களைப் போகச் சொல்லிருவீக.”

கொம்பையா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவரும் வடக்கு மந்தைக்குளத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

“போன வாரம் இந்தக் குழாயை யாராவது பிடிச்சிருந்தீகளா?”

“இல்ல மாமா.”

“அப்போ ஒழுகிச்சு. இப்போ பிடிச்சிருக்கீக. ஒழுகல.” அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. “ஏ, அப்போ ஒழுக்கை நிப்பாட்டுனது அந்த டப்பாப் பசை இல்லடா. நீங்கதான்! டேப்பு, சணல், சிலிக்கான்னு அந்த மீரான் ஆயிரம் சொல்லட்டும். சிங்க் குழாய்க்கு ஏத்த பசை மருமகன்தான். ஒரு தடவை ஒட்டுனா லேசுல பிரியாது. அதை என்னைவிட யாருக்குத் தெரியும்?”

“அப்போ எங்களை ஊருக்கு அனுப்ப மாட்டீகளா மாமா?”

“அனுப்பிட்டா குழாயை யாரு பிடிப்பா?”

பலவேசத்துக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்கக் கை இல்லை. செண்பகம் வந்து முந்தானையால் துடைத்துவிட்டாள்.

“போங்க” என்றாள். “ஒரு எருமை குறைஞ்சுது.”

அன்றிலிருந்து முறைவைத்துப் பிடிக்கிறார்கள். காலையில் மூத்தவர், மத்தியானம் பலவேசம், சாயங்காலம் அருணாசலம், ராத்திரியில் யார் விழித்தாலும் அவர். கைமாற்றும்போது மட்டும் ஒரு கை வந்து சேர்ந்த பிறகுதான் மறு கை விலகும். செண்பகம் பெட்டியைப் பிரித்துச் சேலைகளை எடுத்துவிட்டாள்; காலிப் பெட்டி சிங்குக்கு அடியில் உட்காருகிறவருக்கு முக்காலியாகிவிட்டது. சொட்டு ஒழுகுவதில்லை. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. இப்போது எங்கள் ஊரில் மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் படிப்பு என்ன, சம்பளம் என்ன என்று கேட்பதில்லை. பையன் எவ்வளவு நேரம் பிடிப்பான் என்றுதான் கேட்கிறார்கள். மேலத்தெருவில் மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி ஒழுகுகிற ஒரு வீட்டில், நல்ல உயரமான மாப்பிள்ளையாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மருமகன்கள் மூவரும் சேர்ந்து விருந்துக்கு எங்காவது போக வேண்டியிருந்தால், அடுத்த வீட்டுக் கிழவரைக் கூப்பிட்டுக் குழாயைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். இன்றைக்கும் களக்காட்டில் ஒரு கல்யாணம். விடியற்காலையில் குழாயை என் கையில் கொடுத்துவிட்டு மூவரும் போனார்கள்.

வெற்றிலை தீர்ந்துபோய்விட்டது. சும்மா கடை வரைக்கும் எட்டிப் பார்க்கலாம் என்று வந்தேன். வந்த இடத்தில் உங்களைப் பார்த்தேனா, பேச்சு வளர்ந்துவிட்டது. அங்கே குழாயை இப்போது யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். போன கல்யாணத்துக்கும் இப்படித்தான் நடுவில் எழுந்து வந்துவிட்டேன். திரும்பிப் போய்ப் பார்த்தால் ஒரு சொட்டு ஒழுகவில்லை. எனக்கே ஆச்சரியம். அப்புறம் யோசித்துப் பார்த்தேன், விளங்கிவிட்டது: மற்றவர்கள் பிடித்தால் பிடிக்கிற வரைக்கும்தான் நிற்கும். நான் பிடித்தால், நான் எழுந்து வந்த பிறகும் என் பிடி அங்கேயே இருக்கிறது.

சரி, ஓடுகிறேன். கொம்பையா விழித்துக்கொள்ளுகிற நேரம். இந்தக் கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்னது நான்தான் என்று மட்டும் ஒருத்தரிடமும் மூச்சுவிட்டுவிடாதீர்கள். சத்தியம் உங்கள் தலை மேல்தான் இருக்கிறது, ஞாபகம் இருக்கட்டும்.